பேச்சியம்மாள் பெயரில்

2025 பிப்ரவரி 11, செவ்வாய்
அம்மாவுக்கு டயாலிசிஸ் மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அம்மாச்சி நிலத்தின் வில்லங்கச் சான்று வந்துவிட்டது, அதன் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல். 1975 ஜனவரி முதல் நேற்றுவரை கேட்டிருந்தேன். 1991இல் கூட்டுறவு வங்கிக்கு ஈடு, அதைத் தீர்த்த ரசீது, 2003இல் பாகப்பிரிவினை. அவ்வளவுதான். பாகப்பிரிவினையில் மாமாக்கள் இரண்டு பேர் மட்டும். அம்மாச்சி பேச்சியம்மாள் பெயர் எங்கேயும் இல்லை.

அம்மா கண்ணை மூடியபடியே "என்னடி போட்டிருக்கு?" என்றாள். இன்னும் லோடு ஆகுது என்றேன்.

பிப்ரவரி 12, புதன்
பெரிய மாமா போனை எடுக்கவில்லை. சின்ன மாமா எடுத்தார், ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஏதாவது வேணுமா என்று கேட்டார். இவரும் எடுக்காமலே இருந்திருக்கலாம்.

பிப்ரவரி 14, வெள்ளி
'எங்கிருந்தும் எந்நேரமும்' தளத்தில் பட்டா, அ-பதிவேடு (ஊர் நிலங்களின் கணக்கு), புலப்படம் (நில அளவை வரைபடம்) மூன்றையும் இறக்கினேன். 0.15.0 ஹெக்டேர். முப்பத்தேழு சென்ட். கூட்டுப் பட்டா, மாமாக்கள் பெயரில். அவர்களுக்கு முன்னால் தாத்தா. தாத்தா பெயர் எப்படி வந்தது என்றால், யூடிஆரில் வந்தது.

1979இல் தொடங்கி 1987வரை நடந்தது அந்த யூடிஆர், நில உடைமைப் பதிவேடுகளைப் புதுப்பித்த திட்டம். ஊர் ஊராக வந்து நிலம் யார் கையில் இருக்கிறது என்று விசாரித்து எழுதிக்கொண்டு போனார்கள். யாரை விசாரித்திருப்பார்கள்? மந்தையில் உட்கார்ந்திருந்த ஆண்களைத்தான். அம்மாச்சி அந்நேரம் அந்தக் கிணற்றடியில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்திருப்பாள். இது என் கற்பனை. ஆனாலும் இன்றைக்கு முழுக்க மனசு அங்கேயே நிற்கிறது.

பிப்ரவரி 19, புதன்
1975க்கு முந்தியது கம்ப்யூட்டரில் இல்லை, மனு கொடுத்து பழைய பத்திரங்களின் நகல் இருக்கும் வால்யூமைப் புரட்டச் சொல்ல வேண்டும். அதிலும் அம்மாச்சி நிலம் வாங்கியதாகச் சொல்லும் 1961இல் எங்கள் ஊர் வேறொரு சார்பதிவகத்தின் கீழ் இருந்ததாம். வாசலில் மரத்தடியில் இருந்த பத்திர எழுத்தர் பெரியவர்தான் சொன்னார். உள்ளே இருந்தவர்கள் யாரும் சொல்லவில்லை.

அவரே இன்னொன்றும் சொன்னார். "நீங்க புது சர்வே நம்பரைப் போட்டுப் பாத்திருக்கீங்க தாயி. யூடிஆருக்கு முந்தின பத்திரத்துல பழைய நம்பர்தான இருக்கும்? அதைப் போட்டுப் பாருங்க." பழைய புல எண் எங்கே கிடைக்கும்? அ-பதிவேட்டிலேயே அதற்கென்று ஒரு கட்டம் இருக்கிறது. என் கைப்பையிலேயே இருந்தது அந்தத் தாள்.

பிப்ரவரி 19, இரவு
கிடைத்தது.

பிப்ரவரி 20, வியாழன்
நேற்றுத் தூங்கவில்லை. 1978, சுவாதீன ஒத்தி, அதாவது நிலத்தை அனுபவிக்கக் கொடுத்துப் பணம் வாங்கும் அடமானம். எழுதிக்கொடுத்தவர் பேச்சியம்மாள். பழைய எண்ணில் தேடினால் மட்டும் வருகிறது, புது எண்ணில் வரவே இல்லை. அவளுக்குச் சொந்தமில்லாத நிலத்தை அவளிடம் யார் ஒத்திக்கு வாங்குவார்கள்? இரண்டு வருஷம் கழித்து மீட்டிருக்கிறாள், அதற்கும் ரசீது இருக்கிறது.

பதிவான மாதம் ஆனி. அம்மாவுக்குக் கல்யாணம் அந்த ஆவணியில்.

பிப்ரவரி 21, வெள்ளி
அம்மாவிடம் சொன்னேன். நாலு மணி நேரமும் பேசவில்லை. ஊசியை எடுத்த பிறகு, "எங்கண்ணன் செலவு பண்ணிக் கட்டிக் குடுத்தான்னுதான் இத்தனை வருசமா கேட்டுக்கிட்டிருக்கேன்" என்றாள்.

மார்ச் 4, செவ்வாய்
1961 கிரயப் பத்திரத்தின் நகல் வந்துவிட்டது. பிலவ வருஷம் ஐப்பசி. வாங்கியது பேச்சியம்மாள். சாய்வான கையெழுத்து, யாரோ ஒரு நகல் எழுத்தர் வால்யூமில் பார்த்து எழுதியது. நான்கெல்லையில் மேற்கே ஓடை, கிழக்கே வண்டிப்பாதை. கிணற்றில் பாதிப் பாத்தியமும், நீர் இறைக்கும் முறையும் சேர்த்து. கிணற்றைப் பற்றி மாமாக்கள் வாயே திறந்ததில்லை.

முழுவதும் படித்துவிட்டு அவள் கைநாட்டைத் தேடினேன். இருக்காதாம். கிரயத்தில் விற்பவர்தான் எழுதிக் கொடுக்கிறார், வாங்குபவர் கை வைக்க வேண்டியதில்லை அப்போது. ஆனால் 1978இல் அவள்தானே எழுதிக்கொடுத்தது? அப்படியானால் அந்த அலுவலகத்து ரேகைப் பதிவேட்டில் அவள் பெருவிரல் இருக்க வேண்டும். கேட்டேன். கோர்ட் கேட்டால் அனுப்புவோம், ஆட்களுக்குக் காட்ட மாட்டோம் என்றார்கள். நியாயம்தான். ஆனாலும் பார்க்க வேண்டும் போல இருக்கிறது.

மார்ச் 6, வியாழன்
வக்கீலைப் பார்த்தாயிற்று. மாமாக்கள் பக்கத்து வாதத்தை அவரே முதலில் அடுக்கினார். 1989 மார்ச் 25க்கு முன்னால் கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு, தமிழ்நாட்டுத் திருத்தச் சட்டப்படி பூர்வீகத்தில் பங்கில்லை. 2005 மத்தியச் சட்டம் அந்த வேலியை எடுத்தது, ஆனால் 2004 டிசம்பர் 20க்கு முன்பே பதிவான பாகப்பிரிவினையைத் தொடாது. மாமாக்களுடையது 2003. யாரோ விவரமான ஆள் சொல்லிச் செய்தது போலத்தான் இருக்கிறது, தற்செயலாகவும் இருக்கலாம்.

"ஆனா இது பூர்வீகம்னு யார் சொன்னது?" என்று நகலைத் தட்டினார். 1956 வாரிசுச் சட்டம் 14ஆம் பிரிவுப்படி பெண் வாங்கிய சொத்து அவளுக்கு முழுப் பாத்தியம். 15ஆம் பிரிவில் மகன், மகள், கணவன் எல்லாருக்கும் சமம். தாத்தா 1988இல் போய்விட்டார், அம்மாச்சி 1994இல். ஆக மூன்று பிள்ளைகளுக்கும் மூன்றில் ஒன்று. மகளுக்கு எப்போது கல்யாணம் ஆனால் என்ன.

பட்டா உரிமைப் பத்திரம் ஆகாது, அது பரவாயில்லை என்றார். அவருக்கு உறுத்துவது காலம்தான். கூட்டுப் பாத்தியதாரர் ஒருவர் உழுதால் எல்லாருக்குமாக உழுததாகத்தான் கணக்கு, ஆனால் வெளியேற்றி இருபது வருஷம் ஆச்சு என்று எதிர்த்தரப்பு சொல்லும். சொல்லட்டும். பொங்கலுக்குப் பொங்கல் அந்த நிலத்து மொச்சைக்காய் எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டுதான் இருந்தது. அதற்கு ரசீது இல்லை.

மார்ச் 7, வெள்ளி
அம்மாவுக்குக் கால் வீக்கம். வேறு எதுவும் இன்று இல்லை.

மார்ச் 18, செவ்வாய்
புதுக் கவலை. அம்மாச்சி உயில் எழுதி வைத்திருந்தால்? உயில் வில்லங்கத்தில் வராது. நிலப் பத்திரங்கள் 1ஆம் புத்தகம், உயில் 3ஆம் புத்தகம், பவர் மாதிரியானவை 4ஆம் புத்தகம். வில்லங்கம் பார்ப்பவர்கள் முதல் புத்தகத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எழுதியவர் இறந்துவிட்டால் 3ஆம் புத்தக நகலை யாரும் கேட்கலாம், இறப்புச் சான்று வேண்டும். பதிவே செய்யாத உயில் என்றால் அதுவும் கிடையாது, யார் பீரோவிலிருந்தும் எந்த நாளும் வெளியே வரலாம்.

அம்மா சிரித்தாள். "எங்காத்தா உயிலா? அவளுக்கு உரமூட்டையில இருக்கிற எழுத்தும் தெரியாது."

எழுத்துத் தெரியாதவர்கள் பெயரில்தான் உயில்கள் அதிகம் முளைக்கின்றன என்று நான் சொல்லவில்லை.

மார்ச் 25, செவ்வாய்
3ஆம் புத்தகத்தில் இல்லை. எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இன்றைக்கு இரண்டு காபி குடித்தேன்.

மார்ச் 28, வெள்ளி
யூடிஆருக்கு முந்திய அ-பதிவேடு கேட்டு, பத்து ரூபாய் வில்லை ஒட்டி ஆர்டிஐ போட்டிருந்தேன். பதில்: "கோரப்பட்ட ஆவணம் இவ்வலுவலகத்தில் இல்லை." இல்லை என்றால் கரையான் தின்றதா, வேறு அலுவலகத்துக்குப் போனதா, தேடவே இல்லையா? மேல்முறையீடு எழுதிவிட்டேன். கோபத்தில் நாலு பக்கம் போனது, ஒரு பக்கமாகச் சுருக்கினேன்.

நிலத்தை விற்க மாமா அட்வான்ஸ் வாங்கிவிட்டார் என்று ஊரிலிருந்து சேதி.

ஏப்ரல் 8, செவ்வாய்
பதிவு விதி 55ஏ செல்லாது என்று உச்ச நீதிமன்றம் நேற்று சொல்லியிருக்கிறது. முந்தைய மூலப் பத்திரம் காட்டாவிட்டால் பதிவை மறுக்கலாம் என்ற தமிழ்நாட்டு விதி. சார்பதிவாளர் உரிமை மூலத்தைப் பார்க்கும் ஆள் இல்லை, பதிவதுதான் அவர் வேலை என்கிறது தீர்ப்பு. மூலப் பத்திரம் தொலைந்து அலைந்தவர்களுக்கு இது நல்ல செய்தி. எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. ஆட்சேபணை மனு கொடுத்து நிறுத்திவிடலாம் என்று நம்பிக்கொண்டிருந்தேன். இனி மாமா நாளைக்கே கிரயம் எழுதினாலும் அவர்கள் பதிந்துதான் ஆக வேண்டும்.

வக்கீலுக்கு ராத்திரி பத்து மணிக்குப் போன் செய்தேன். "பாகப்பிரிவினை வழக்கு போடுவோம், கூடவே தடை கேப்போம். வழக்கு நடக்கறப்ப வாங்கினா வாங்கினவன் தலையிலதான் விடியும், 52ஆம் பிரிவு இருக்கு. தூங்குங்க" என்றார்.

ஏப்ரல் 9, புதன்
தூங்கவில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி
வக்காலத்தில் அம்மா கையெழுத்துப் போட்டாள். டயாலிசிஸ் ஊசி குத்தும் ஃபிஸ்டுலா இருப்பது இடது கை, அதனால் மிஷின் ஓடும்போதே வலது கையால் போட முடிந்தது. கோணலாக வந்தது, இன்னொரு தாளில் போடட்டுமா என்று கேட்டாள். போதும்மா என்றேன். மை பெருவிரலில் பட்டிருந்தது. நான்தான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 23, புதன்
வழக்கு நம்பர் ஆகிவிட்டது. வழக்குக்கு உரிய பதினாறு எழுத்து சிஎன்ஆர் எண்ணை ஈகோர்ட்ஸ் என்ற நீதிமன்றத் தளத்தில் போட்டால் அம்மா பெயர் வருகிறது, வாதி என்று. மாமாக்கள் பெயர் கீழே.

ஏப்ரல் 30, புதன்
பெரிய மாமா சம்மனை வாங்கவில்லையாம். வாங்காவிட்டால் கதவில் ஒட்டிவிட்டு வருவார்கள் என்றார் குமாஸ்தா. 1978 ரேகைப் பதிவேட்டைக் கோர்ட்டுக்கு வரவழைக்க முடியுமா என்று கேட்டேன், அதற்கெல்லாம் இன்னும் நாள் இருக்கிறது என்றார்.

இதை எழுதும்போதே போன் அடிக்கிறது. பெரிய மாமா. எடுக்கட்டுமா என்று அம்மாவைக் கேட்டேன்.

"ஸ்பீக்கர்ல போடு."