ஒரு தபால்தலைக்குப் பின்னால் இருக்கும் ஒப்பந்தம்

வெளிநாட்டிலிருந்து நண்பர் ஒருவர் பதிவுத் தபாலில் அனுப்பிய புத்தகம் சென்ற வாரம் வந்து சேர்ந்தது. புத்தகத்தைப் பிரிப்பதற்கு முன் அதன் உறையையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பணம் கட்டியது தம் நாட்டு அஞ்சல் துறைக்கு. வாசலில் கொண்டுவந்து கொடுத்தவர் என் நாட்டு அஞ்சல்காரர். இவருடைய உழைப்புக்கு யார், எந்தக் கணக்கில் பணம் தருகிறார்கள் என்ற கேள்விதான் இதை எழுத வைத்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை நாடுகள் இரண்டிரண்டாகத் தனித்தனி ஒப்பந்தம் செய்துகொண்டுதான் கடிதங்களை மாற்றிக்கொண்டன. ஒரே ஊருக்குப் போகும் கடிதத்துக்கே எந்தக் கப்பல், எந்த நாட்டின் வழி என்பதைப் பொறுத்துக் கட்டணம் மாறியது. இந்தச் சிக்கலைப் பேசுவதற்காக 1863-இல், அமெரிக்க அஞ்சல் துறைத் தலைவர் மான்ட்கோமரி பிளேரின் முயற்சியால், 15 நாடுகளின் பிரதிநிதிகள் பாரிஸில் கூடினார்கள். பொதுவான கொள்கைகள் பிறந்தன, ஆனால் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை எதுவும் பிறக்கவில்லை. அதற்கு வடிவம் கொடுத்தவர் ஜெர்மானிய அஞ்சல் அதிகாரி ஹைன்ரிக் ஃபான் ஸ்டெஃபான். அவருடைய திட்டத்தை பிரான்சுக்கும் அன்றைய ஜெர்மானிய அரசான பிரஷ்யாவுக்கும் இடையே மூண்ட போர் தாமதப்படுத்தியது. கடைசியில் 1874 அக்டோபர் 9 அன்று, சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில், 22 நாடுகள் கையெழுத்திட்டன. இன்று 192 நாடுகளை உறுப்பினர்களாகக் கொண்டிருக்கும் உலக அஞ்சல் ஒன்றியம் அங்கே தொடங்கியதுதான்.

அந்த ஒப்பந்தத்தின் உயிர்நாடி என்று நான் கருதுவது, உறுப்பு நாடுகள் அனைத்தும் சேர்ந்து கடிதப் பரிமாற்றத்துக்கான ஒரே அஞ்சல் நிலப்பரப்பு என்ற வரையறைதான். தன் எல்லை வழியாகக் கடந்து செல்லும் அயல்நாட்டு அஞ்சல் பையை எந்த நாடும் மறிக்கக் கூடாது; தன் சொந்த அஞ்சலைப் போலவே அதையும் முன்னோக்கி அனுப்ப வேண்டும். வழியிலுள்ள நாட்டுக்கு அதற்கான கடப்புக் கட்டணம் உண்டு. ஆனால் பட்டுவாடா செய்யும் நாட்டுக்கு அன்று எதுவும் கிடையாது. கடிதம் எழுதியவருக்குப் பதில் வரும், அந்தப் பதிலுக்கான கட்டணம் அந்த நாட்டிடமே இருக்கும், ஆகவே கணக்கு நேராகிவிடும் என்பது அன்றைய எண்ணம். ஏறத்தாழ நூறு ஆண்டுகள் உலகம் அந்த நம்பிக்கையில் தபால் பட்டுவாடா செய்தது என்பதை நினைக்கும்போது எனக்கு இன்னமும் வியப்பாக இருக்கிறது.

ஆனால் அச்சிட்ட இதழ்களும் பொதிகளும் பெருகியபோது, அனுப்புவதைவிட அதிகமாகப் பெறும் நாடுகளின் சுமை கூடியது. அதனால் 1969-இல் டோக்கியோவில் கூடிய மாநாடு, பெறும் நாட்டுக்கு அனுப்பும் நாடு தரவேண்டிய முனையக் கட்டணத்தைக் கொண்டுவந்தது. இன்று அது எந்த ஒரு நாட்டின் பணத்திலும் கணக்கிடப்படுவதில்லை. பன்னாட்டு நாணய நிதியத்தின் சிறப்பு எடுப்புரிமை என்ற கணக்கலகில் கணக்கிடப்படுகிறது. இணைய வணிகத்தின் சிறு பொதிகள் குவிந்த பிறகு, தான் பெறும் தொகை செலவுக்குப் போதவில்லை என்று சொல்லி, ஒன்றியத்திலிருந்தே விலகப்போவதாக 2018-இல் அமெரிக்கா அறிவித்தது. 2019 செப்டம்பரில் ஜெனீவாவில் நடந்த சிறப்பு மாநாட்டில், அதிக அளவில் அஞ்சல் பெறும் நாடுகள் தங்கள் கட்டணத்தைத் தாங்களே அறிவிக்கலாம் என்று முடிவானதால் பிளவு தவிர்ந்தது.

என் உறைமேல் இருந்த பட்டைக்குறிக்கு வருகிறேன். அதன் கீழே 13 இடங்கள்: முதல் இரண்டு எழுத்துகள் சேவையின் வகை, பிறகு எட்டு இலக்க வரிசை எண், அடுத்து ஒரு சரிபார்ப்பு இலக்கம், கடைசி இரண்டு எழுத்துகள் அனுப்பிய நாடு. எட்டு இலக்கங்களையும் முறையே 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டி, 11-ஆல் வகுத்து, மீதியை 11-இலிருந்து கழித்தால் சரிபார்ப்பு இலக்கம் கிடைக்கும். விடை 10 என்றால் 0, 11 என்றால் 5. காகிதத்தில் போட்டுப் பார்த்தேன், சரியாகவே வந்தது. எந்த மொழி பேசும் ஊழியர் எண்ணைத் தவறாகப் பதிந்தாலும் இந்தக் கணக்கு பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

அதன் அருகே சி.என். 22 என்ற சுங்கச் சீட்டில் பொருள், எடை, மதிப்பு, நண்பரின் கையொப்பம். சுங்கச் சிக்கல் அஞ்சலையே நிறுத்தியதும் உண்டு: 2025 ஆகஸ்டில், குறைந்த மதிப்புப் பொருள்களுக்கு இருந்த சுங்க விலக்கை அமெரிக்கா நீக்கி, வரியை யார், எப்படி வசூலிப்பது என்பது தெளிவாகாமல் இருந்தபோது, பல நாடுகளின் அஞ்சல் துறைகள் அந்நாட்டுக்கான பொதிகளை ஏற்பதை நிறுத்திவைத்தன. வெறும் கடிதங்கள் பெரும்பாலும் தொடர்ந்து போய்க்கொண்டிருந்தன.