டபிள்யூடிஎம்-2 எவனும் விடலை, அதான் நானே பாடி மாட்டிப் பார்த்தேன்

மாடல் ரயில் ஆளுங்க நாலு பேர் சேர்ந்தா "எந்த இன்ஜினை கம்பெனிக்காரன் மாடலா விடணும்"னு தான் பேச்சு போகும், நம்ம ஊர் ஆளுங்கன்னா அது கண்டிப்பா டபிள்யூடிஎம்-2ங்கற நம்ம ரயில்வே டீசல் இன்ஜின்ல வந்து தான் நிக்கும். 1962ல அமெரிக்காவோட ஆல்கோ கம்பெனில இருந்து வந்து, 1964ல இருந்து வாரணாசிலயே செய்ய ஆரம்பிச்சு, முப்பது வருஷத்துக்கு மேல ஆயிரக்கணக்குல இறக்கின வண்டி. அப்படிப்பட்டதுக்கு ஹெச்ஓ ஸ்கேல்ல (நிஜத்துல 87ல ஒரு பங்கு, 1:87) பெரிய கம்பெனி டப்பா ஒண்ணு கூட நான் தேடின வரைக்கும் கண்ணுல படலை. ஒரு மோல்டு அடிக்கவே எக்கச்சக்க செலவு, அதை எடுக்கற அளவுக்கு இங்க வாங்க ஆள் இல்லைங்கறது அவங்க கணக்கு, அதுவும் நியாயம் தான். ஆனா செஞ்சு பார்த்தப்புறம் என் ஆசையே மாறிடுச்சு, முழு இன்ஜின் வேணாம்ப்பா, பாடி மட்டும் நல்லதா விட்டாலே போதும்.

ஏன்னா அடிச்சட்டம் (மோட்டாரும் சக்கரமும் இருக்கற சேஸிஸ்) ஏற்கனவே இருக்கு. ஆல்கோவோட ஆர்எஸ்டி-4/5ங்கற அமெரிக்க டீசல் இன்ஜினை அட்லஸ்ங்கற மாடல் கம்பெனி ஹெச்ஓல விட்டிருக்காங்க, செகண்ட்ஹேண்ட்ல ஒண்ணு தேடிப் பிடிச்சேன் (கஸ்டம்ஸ்ல கட்டின காசைப் பத்தி பேச வேண்டாம், வீட்டுல படிப்பாங்க). நிஜ ஆர்எஸ்டி-5 கிட்டத்தட்ட 17.06 மீட்டர், நம்ம டபிள்யூடிஎம்-2 பஃபர்ல (முனைல இடி தாங்கற வட்டத் தட்டு) இருந்து பஃபர் வரைக்கும் 17.12 மீட்டர். இதை விட முக்கியம் போகி, அதாவது பெட்டி இல்லை, இன்ஜினுக்கு அடில சக்கரங்களைத் தாங்கற சட்டம். ரெண்டுலயும் ஆல்கோவோட அதே ட்ரைமவுண்ட் போகி, மூணு ஆக்சில் இருக்கும் ஆனா நடு ஆக்சில் நடுவுல இருக்காது, ஒரு பக்கம் 1702 மி.மீ, மறுபக்கம் 2108 மி.மீ, மொத்தம் 3810. இந்த கோணல் தான் அந்த இன்ஜினோட முகவெட்டு, சம இடைவெளி போகி மேல பாடி வெச்சா தெரிஞ்சவன் ஒரு பார்வைலயே "இது வேற ஏதோ"ன்னு சொல்லிடுவான். சக்கரம் மட்டும் கொஞ்சம் சின்னது, நம்மது 1092, அவங்கது 1016, 1:87ல அது ஒரு மில்லிமீட்டர் கூட வராது, விட்டுட்டேன்.

பாடி ரெசின்ல 3டி பிரிண்ட். ஃபைல் ஒரு நண்பர் வரைஞ்சு குடுத்தாரு, லாங் ஹுட் (இன்ஜினோட நீளமான மூக்குப் பக்கம்) பக்கவாட்டு கதவுங்க, ரேடியேட்டர் கிரில் எல்லாம் அருமையா வந்துச்சு, ஆனா ஹுட் மேல வளைவுல மட்டும் படிக்கட்டு மாதிரி லேயர் கோடு. அதை 400 நம்பர் உப்புத்தாள்ல தேய்ச்சு, 800ல தேய்ச்சு, கிரே பிரைமர் அடிச்சா மறுபடியும் கோடு எட்டிப் பாக்கும், திரும்ப தேய்க்கணும், கதவோட கீல் போயிடாம தேய்க்கறது தான் பெரிய வித்தை, தீக்குச்சி நுனில உப்புத்தாள் ஒட்டி ஒவ்வொரு கதவா போனேன். ஹுட் உள்சுவரை மோட்டார் இடிக்காத அளவுக்கு ராவினதும் பாடி டக்குனு உக்காந்துச்சு பாருங்க, அந்த சத்தத்துக்கே ஒரு டீ சாப்பிடலாம்.

பஃபர் தான் தகராறு. அமெரிக்க வண்டில நடு கப்ளர் (பெட்டியை இணைக்கற கொக்கி) மட்டும், நம்மதுல கப்ளரும் உண்டு ரெண்டு பக்கம் பஃபரும் உண்டு. என் லேஅவுட்ல வளைவு 18 இஞ்ச் ரேடியஸ், அதுல கோச்சோட பஃபரும் இன்ஜின் பஃபரும் மாட்டிக்கிட்டு தடம் புரளுது. இப்போதைக்கு கப்ளரை கொஞ்சம் நீளமா போட்டு சமாளிக்கிறேன், பார்க்க இடைவெளி அசிங்கமா தான் இருக்கு.

டிராக் அகலத்தைக் கேட்டு யாரும் சண்டைக்கு வராதீங்க. நம்ம பிராட்கேஜ் 1676, 87ஆல வகுத்தா 19.3 மி.மீ வரணும், ஹெச்ஓ டிராக் 16.5 தான். அது 1435 கேஜுக்கு போட்டது. 1:100 சுமாருக்கு செஞ்சா டிராக் அழகா பொருந்தும், ஆனா ஆள், மரம், கட்டடம், இந்த சேஸிஸ் எல்லாமே 1:87. நான் 87 பக்கம் தான், இன்ஜின் கொஞ்சம் ஒல்லிக்கால் நின்னா நின்னுட்டு போகட்டும்.

சவுண்டுக்கு ஒரு விஷயம் கவனிங்க. ஆர்எஸ்டி-5 உள்ள இருந்தது ஆல்கோவோட 244 ரக டீசல் இன்ஜின், நம்மதுல 16 சிலிண்டர் 251பி, 2600 குதிரைசக்தி. சேஸிஸ் பேரைப் பார்த்து 244 சவுண்ட் ஃபைல் போட்டா அந்த தாளமே வராது. 251 பதினாறு சிலிண்டர் ஃபைல் பெரிய அமெரிக்க ஆல்கோக்களுக்காக போட்டது கிடைக்குது, அதை ஏத்தினேன். ஐடில்ல அந்த தட்டு தட்டு சத்தம் கேட்டதும் பக்கத்து ரூம்ல இருந்து அப்பா எழுந்து வந்துட்டாரு, ஈரோடு ஷெட் பக்கம் பார்த்தவரு அவரு.

இதெல்லாம் டபிள்யூடிஎம்-2க்கு, அதுக்கு அண்ணன் தம்பி வெளிநாட்டுல இருக்காங்க. நீலகிரி மலை ரயிலோட நீராவி இன்ஜின் எக்ஸ் கிளாஸுக்கு என்ன பண்றது? மீட்டர்கேஜ், 1:87ல 11.5, ஸ்விஸ் மாடலுக்கான 12 மி.மீ டிராக்கும் மலை ஏற நடுவுல போடற ஆப்ட் வகை பல்தண்டவாளமும் விக்குது, இன்ஜினே வின்டர்தூர்ல பொறந்தது தான். ஆனா மேல ஒரு ஜோடி சிலிண்டர், கீழ ஒரு ஜோடி, ரெண்டுக்கும் தனித்தனி ராட்... அதை வீட்டுல ராவி எடுக்க என்னால ஆகாது, அதை கம்பெனிக்காரன் தான் செய்யணும்.

இப்போ பாக்கி கைப்பிடிக் கம்பியும் நம்பர் டீக்கலும் (ஒட்டற ஸ்டிக்கர்). 0.3 மி.மீ பித்தளைக் கம்பி எங்க நேரா கிடைக்கும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க, சுருள்ல வர்றது எவ்வளவு இழுத்தாலும் வளைஞ்சே நிக்குது.