பொத்தானில் சுற்றியிருந்த சைக்கிள் ட்யூப்

கோயம்புத்தூரில் ஒரு வாகன உதிரிப்பாகத் தொழிற்சாலையில் நான் பாதுகாப்பு அலுவலராக இருந்தபோது, இரவு ஷிப்டில், தகட்டை அடித்து வடிவமாக்கும் பவர் பிரஸ்ஸில் ஓர் ஆபரேட்டரின் இடது ஆட்காட்டி விரல் நுனி நசுங்கியது. நான் போய்ச் சேர்வதற்குள் இயந்திரத்தைத் துடைத்து, அதன் அச்சான டையையும் கழற்றி டூல் ரூமுக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ரத்தத்தைப் பார்த்துக்கொண்டு மற்றவர்கள் எப்படி வேலை செய்வார்கள் என்று சூப்பர்வைசர் நினைத்திருக்கிறார். ஆனால், தடயங்களில் பாதி, துடைத்த பனியன் வேஸ்ட் துணியோடு குப்பைக்குப் போய்விட்டது.

பதிவேட்டில் காரணமும் எழுதி முடிந்திருந்தது: 'தொழிலாளியின் கவனக்குறைவு.' அந்தச் சொல்லை எழுதிவிட்டால் அதற்கு மேல் எதையும் தேட வேண்டியதில்லை. காயம்பட்டவர் 48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலைக்கு வர முடியாவிட்டால் தொழிற்சாலை ஆய்வாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 88ஆவது பிரிவு சொன்னது; அந்தப் படிவத்தை நிரப்புவதையே விசாரணை என்று நினைத்தவர்கள் அநேகம் பேர், தொடக்கத்தில் நானும் அப்படித்தான் இருந்தேன்.

துடைத்தவர்கள் ஒன்றை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள். இரண்டு உள்ளங்கைகளாலும் இரண்டு பொத்தான்களை அழுத்தினால்தான் மேலிருந்து அடிக்கும் பாகமான ராம் இறங்கும், கை டைக்குள் இருக்க வழியில்லை என்பதுதான் அந்த பிரஸ்ஸின் பாதுகாப்பு ஏற்பாடு. அதில் இடது பொத்தானை அமுக்கிய நிலையிலேயே சைக்கிள் ட்யூப் துண்டு ஒன்று இறுகச் சுற்றியிருந்தது. அதை அறுத்துப் பிரித்தபோது, மடிப்புகளுக்குள் எண்ணெயும் இரும்புத் தூளும் களிம்புபோலக் கெட்டியாகப் படிந்திருந்தன. அன்று இரவு கட்டியதல்ல அது; பல நாட்களாக ஒவ்வொரு ஷிப்ட் சூப்பர்வைசரும், ஏன், நானும்கூட, அதைக் கடந்துதான் போயிருக்கிறோம்.

மறுநாள் மருத்துவமனையில், நான் உட்காருவதற்கு முன்பே, "தப்பு என் மேலதாங்க சார், நான்தான் கட்டினேன்" என்றார் அவர். 'ஏன் கட்டினாய்' என்று கேட்டிருந்தால் மன்னிப்பு மட்டும்தான் கிடைத்திருக்கும். "ஷிப்டுக்கு வந்ததுல இருந்து என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க தம்பி" என்று கேட்டுவிட்டு, குறுக்கே பேசாமல், குறிப்பும் எடுக்காமல் இருந்தேன். டையில் பீஸை வெளியே தள்ளும் எஜெக்டர் ஸ்பிரிங் உடைந்திருந்ததால் அடித்த பீஸ் ஒவ்வொன்றும் சிக்கிக்கொண்டது, எண்ணெயில் இடுக்கி வழுக்கியது, இடது கையால் எடுத்தால்தான் கணக்குக் கொடுக்க முடிந்தது என்று மெல்ல மெல்ல வந்தது. மெயின்டனன்ஸ் புத்தகத்தைப் புரட்டினால், 11 நாட்களுக்கு முன்பே ஸ்பிரிங் புகார் பதிவாகி, பக்கத்தில் 'ஸ்டாக் இல்லை' என்று கையெழுத்தோடு இருந்தது.

எலக்ட்ரீஷியனைக் கூட்டிக்கொண்டு பேனலைத் திறந்தபோது இன்னொன்றும் தெரிந்தது. இரண்டு பொத்தான்களையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில், அரை விநாடி இடைவெளிக்குள் அழுத்தினால்தான் இயங்கும்படியான ரிலே அந்தப் பழைய பிரஸ்ஸில் இல்லை. இரண்டும் வெறுமனே சீரீஸில் இணைக்கப்பட்டிருந்தன; எப்போது அழுத்தியிருந்தாலும், இரண்டும் அமுங்கியிருந்தால் போதும். அந்த ரிலே இருந்திருந்தால், ஒன்றைக் கட்டிவைத்த மாத்திரத்தில் இயந்திரம் நின்றுபோயிருக்கும், ட்யூபுக்கு வேலையே இருந்திருக்காது.

அன்று மாலையே மற்ற எட்டு பிரஸ்களையும் பார்த்தோம். மூன்றில் ட்யூப் கட்டியிருந்தது. இரண்டில் எண்ணெய்ப் பிசுக்கேறிய பழைய ட்யூப்; மூன்றாவதில் ஒரு சொட்டு எண்ணெய்கூடப் படியாத புது ட்யூப், விபத்துக்குப் பிறகு கட்டியது.