மச்சான் டிவிக்கு மஞ்சக்காமாலை

"என்ன மச்சான், நல்லா இருந்த டிவிக்கு மஞ்சக்காமாலை வர வெச்சுட்டே?"

மைத்துனரின் புது டிவியில் பிக்சர் மோடை விவிட்டிலிருந்து சினிமாவுக்கு மாற்றிய கையோடு விழுந்த வசனம் இது. யார் வீட்டு டிவியில் கை வைத்தாலும் கிட்டத்தட்ட இதையேதான் கேட்கிறேன். வாதம் செய்து பிரயோஜனமில்லை. ரிமோட்டை என் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவேன். படம் பாட்டுக்கு ஓடட்டும். அரைமணி கழித்து யாரும் கவனிக்காதபோது பழைய மோடைத் தட்டினால், "ஐயோ, ஏன் எல்லாருக்கும் மூஞ்சி நீலம் பாரிச்சுப் போச்சு?" என்று அதே வாய் கேட்கும். காமாலைக்காரன் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பது டிவிக்கும் பொருந்தும். கண் எதற்குப் பழகியிருக்கிறதோ அதையே வெள்ளை என்று எடுத்துக்கொள்ளும்.

அதனால்தான் கேலிபரேஷனில், அதாவது டிவியின் படத்தை அளவுக்குச் சரியாக்கும் வேலையில், வெள்ளையைக் கண்ணால் சரிசெய்ய முடியாது என்று அடித்துச் சொல்கிறேன். வீடியோ உலகில் வெள்ளைக்கு ஒரு முகவரி உண்டு: டி65. வண்ண வரைபடத்தில் எக்ஸ் 0.3127, ஒய் 0.3290. சுமாராக 6500 கெல்வின். இந்த எண் ஏறினால் வெள்ளை நீலம் பக்கம் சாயும், இறங்கினால் மஞ்சள் பக்கம். படத்துக்கு வண்ணம் சேர்ப்பவர் எந்த மானிட்டரில் பார்த்து முகத்தின் நிறத்தை முடிவுசெய்தாரோ, அந்த மானிட்டரின் வெள்ளை இதுதான். விவிட் மோட் பல டிவிகளில் 10,000 கெல்வினையும் தாண்டிப் போகும். கடையின் பளீர் வெளிச்சத்தில், வரிசையாக நிற்கும் டிவிகளுக்கு நடுவே எடுப்பாகத் தெரியவேண்டும் என்பதற்காகச் செய்த அலங்காரம் அது. வீட்டுக்கு வந்தபிறகும் அந்த அலங்காரம் எதற்கு?

கையில் நிறத்தை அளக்கும் மீட்டர் இல்லாதவர்கள் சினிமா, மூவி, ஃபிலிம்மேக்கர் என்று எந்தப் பெயரில் இருந்தாலும் அந்த மோடைப் போட்டு, கலர் டெம்பரேச்சரை வார்ம் பக்கம் தள்ளிவிட்டாலே பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. ஃபிலிம்மேக்கர் மோட் 2019இல் டிவி கம்பெனிகள், சினிமா ஸ்டுடியோக்களின் கூட்டமைப்பான யுஎச்டி அலையன்ஸ் அறிவித்தது. மோஷன் ஸ்மூத்திங் (ஃபிரேம்களுக்கு நடுவே டிவியே புதுப் படம் செருகுவது), ஷார்ப்பனிங், நாய்ஸ் ரிடக்‌ஷன் எல்லாவற்றையும் ஒரே பட்டனில் ஊமையாக்கிவிடும். டிவி கம்பெனிகள் சேர்ந்து செய்த உருப்படியான காரியங்களில் இது ஒன்று.

கண் நம்பகமாகச் செய்யக்கூடிய வேலையும் உண்டு. கறுப்பை அமைப்பது அதில் முதன்மை. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் டெஸ்ட் பேட்டர்ன்களில், கறுப்புத் திரையில் செங்குத்தாக மெல்லிய பட்டைகள் நிற்கும் ஒன்றைப் போடுங்கள். ஒவ்வொரு பட்டைக்கும் கீழே ஒரு எண் இருக்கும். 8 பிட் வீடியோவில் 16 என்பது முழுக் கறுப்பு, 235 முழு வெள்ளை. 16ம் அதற்குக் கீழும் உள்ள பட்டைகள் பின்னணியோடு கலந்து காணாமல் போகவேண்டும். 17 இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும் அளவிலும், 18, 19 மங்கலாக, ஆனால் நிச்சயமாகவும் தெரியவேண்டும். விளக்கை அணைத்துவிட்டு, கண் இருட்டுக்குப் பழகியபிறகு இதைச் செய்யுங்கள். பகலில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்தால் 22கூடத் தெரியாது. தெரியவில்லையே என்று ஏற்றிவிட்டால், இரவில் கறுப்பெல்லாம் சாம்பலாக எழுந்து நிற்கும்.

இதற்கான பட்டனின் பெயர் பெரும்பாலும் பிரைட்னஸ். சில மாடல்களில் பிளாக் லெவல். புதிதாக வரும் சிலவற்றில் பிரைட்னஸ் என்றால் பேக்லைட், அதாவது திரைக்குப் பின்னால் எரியும் விளக்கு. எது எதுவென்று தெரிந்துகொள்ள மெனுவை நம்பாமல் பேட்டர்னைப் பாருங்கள். கறுப்பு மட்டும் அசைந்தால் அது பிளாக் லெவல், மொத்தப் படமும் ஏறி இறங்கினால் பேக்லைட்.

எவ்வளவு திருகியும் 16லிருந்து 25 வரை எல்லாப் பட்டைகளும் ஒட்டுமொத்தமாக மறைந்து கிடந்தால், குறை அந்தப் பட்டனில் இருக்காது. செட்டாப் பெட்டி எந்த ரேஞ்சில் அனுப்புகிறது, டிவி எந்த ரேஞ்சில் வாங்குகிறது என்று பாருங்கள். லிமிட்டெட் என்றால் மேலே சொன்ன 16லிருந்து 235, ஃபுல் என்றால் 0விலிருந்து 255. ஒன்று ஃபுல், மற்றொன்று லிமிட்டெட் என்று எச்டிஎம்ஐயில் முரண்டு பிடித்தால், ஒரு பக்கம் நிழலெல்லாம் கரி, மறுபக்கம் படம் முழுக்கப் பால் ஊற்றிய வெளுப்பு. இரண்டையும் ஒரே ரேஞ்சில் வைத்துவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள்.

ஷார்ப்னஸ் பற்றி ஒரு வரி போதும்: சாம்பல் பின்னணியில் கறுப்புக் கோடு வரைந்த பேட்டர்னைப் போட்டு, கோட்டை ஒட்டி வெள்ளை விளிம்பு மறையும்வரை குறையுங்கள். ஓவர்ஸ்கேன் ஓடிக்கொண்டிருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள். 1920க்கு 1080 படத்தின் ஓரத்தை வெட்டி மிச்சத்தை இழுத்து நிரப்புவது எந்தக் காலத்துப் பழக்கமோ, இன்னும் சில டிவிகளில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மோஷன் விஷயத்தில் நான் அவ்வளவு கறார் இல்லை. சினிமா நொடிக்கு 24 ஃபிரேம். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃபிரேமை மூன்று முறையும் அடுத்ததை இரண்டு முறையும் காட்டவேண்டியிருக்கும். அதாவது ஒன்று 50 மில்லிசெகண்ட், அடுத்தது 33. கேமரா மெதுவாக ஒரு பக்கம் திரும்பும்போது தெரியும் விக்கல் அதுதான். 120 ஹெர்ட்ஸ் திரையில் ஒவ்வொரு ஃபிரேமையும் ஐந்து ஐந்து முறை காட்டினால் கணக்கு நேராகிவிடும். ஸ்மூத்திங்கை உச்சத்தில் வைத்தால் சினிமா சீரியலாகிவிடும் என்பது உண்மை. ஆனால் கிரிக்கெட் பார்க்கும்போது கொஞ்சம் போட்டுக்கொள்கிறவரை நான் திட்டமாட்டேன்.

இனி மீட்டர். திரைமேல் தொங்கவிட, பின்பக்கம் ஒரு எடைக்கட்டியோடு வரும் கலரிமீட்டர். கூடவே எச்சிஎஃப்ஆர் என்ற இலவச மென்பொருள். டிவியை அரைமணியாவது ஓடவிட்டுச் சூடேற்றியபின் தொடங்குவேன். ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடி திரை என்றால் முழுத்திரை வெள்ளை காட்டக்கூடாது. சக்தியைக் கட்டுப்படுத்த டிவி தானாக மங்கிவிடும். திரையில் 10 சதவீதப் பரப்பளவுள்ள கட்டம் போதும். முதலில் 80 சதவீத வெளிச்சத்தில் கெயின் (வெளிச்சப் பகுதியின் சிவப்பு, பச்சை, நீல அளவு), பிறகு 30இல் ஆஃப்செட் (இருண்ட பகுதிக்கு அதே அளவு). ஒன்றைத் தொட்டால் மற்றது நகரும், மாற்றி மாற்றி வரவேண்டும். வரைபடத்தில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்று கோடுகளும் நெருங்கி வந்து ஒன்றின்மேல் ஒன்று படுக்கும்போது வரும் திருப்தி தனி. சரியான நிறத்திலிருந்து எவ்வளவு விலகல் என்று காட்டும் டெல்டா ஈ 3க்குக் கீழே வந்துவிட்டால் ஓடுகிற படத்தில் பிழையைக் கண்ணால் பிடிப்பது கஷ்டம். 1.2ஐ 0.6 ஆக்க இரவெல்லாம் உட்காருவது டிவிக்காக இல்லை, நமக்காக.

காமா, அதாவது கறுப்பிலிருந்து வெள்ளைக்கு வெளிச்சம் ஏறும் விதம், இருட்டறைக்கு 2.4, விளக்கு எரிகிற அறைக்கு 2.2. யாரோ கொடுத்த வைட் பேலன்ஸ் எண்களை (கெயின், ஆஃப்செட்) அப்படியே உங்கள் டிவியில் அடிக்காதீர்கள். ஒரே மாடலிலேயே பேனலுக்குப் பேனல் வித்தியாசம் இருக்கும். மோட், ஷார்ப்னஸ் வரை காப்பி அடிக்கலாம், அதற்கு மேல் வேண்டாம்.

எச்டிஆர் (வெளிச்ச வீச்சு அதிகமுள்ள படம்) போட்டால் படம் இன்னும் இருட்டாகிறது என்ற புகாருக்குப் பாதிக் காரணம் நாம்தான். ஸ்டுடியோவில் எஸ்டிஆர், அதாவது எச்டிஆர் அல்லாத சாதாரணப் படத்தின் வெள்ளை 100 நிட் (நிட் என்பது திரை வெளிச்சத்தின் அலகு). வீட்டில் அதை 300, 400க்கு ஏற்றிப் பழகியிருக்கிறோம். எச்டிஆரில் சாதாரண வெள்ளைக்கு வழிகாட்டு அளவு 203 நிட். அதற்கு மேலே உள்ள இடமெல்லாம் சூரியன், தீப்பொறி, உலோகத்தின் மினுக்கலுக்கு. 400லிருந்து 203க்கு வந்தால் இருட்டாகத்தானே தெரியும்? மறுபாதிக் காரணம் டிவி. 1000 நிட்டில் தயாரித்த படத்தை 350 நிட் திரை காட்டவேண்டுமென்றால் எங்காவது அமுக்கித்தான் ஆகவேண்டும். எந்த செட்டிங்கும் இதைத் தீர்க்காது. எச்டிஆரில் பேக்லைட், கான்ட்ராஸ்ட் இரண்டும் உச்சத்திலேயே இருக்கட்டும்.

எல்லாம் முடிந்தபின் மதிப்பிட, டெமோ வீடியோவில் வரும் கிளியும் பூவும் வேண்டாம். அவை எந்த டிவியிலும் அழகுதான். இருட்டுக் காட்சியில் கறுப்பு மேலங்கியின் மடிப்பு, மூடுபனியில் படிக்கட்டுப்போல் வரி விழுகிறதா, மாநிற முகத்தில் கன்னத்துக்கும் நெற்றிக்கும் உள்ள வித்தியாசம், கறுப்பில் எழுத்து ஓடும்போது சுற்றி ஒளிவட்டம்: இதெல்லாம்தான் உண்மையைச் சொல்லும். விஏ பேனல் (பக்கவாட்டில் பார்த்தால் வெளுக்கும் எல்சிடி வகை) என்றால் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தும் பாருங்கள்.

கடைசியாக, முழுத்திரை சாம்பல். எல்சிடியில் அழுக்குத் துணியால் துடைத்ததுபோல் திட்டுகளும், ஓஎல்இடியில் 5 சதவீதச் சாம்பலில் செங்குத்து வரிகளும் தெரிந்தால் அது பேனலின் பிறவிக்குணம், கேலிபரேஷனால் போகாது. மாற்றிக்கொள்ளும் கெடு இருக்கும்போதே இதைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். கெடு தாண்டிவிட்டதென்றால் தயவுசெய்து போடாதீர்கள். ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் அப்புறம் ஒவ்வொரு மேட்சிலும் பந்தை விட்டுவிட்டு அந்தத் திட்டைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.