போர் மாதத்தில் பதிவான ஆல்பம்: 2021 நாட்குறிப்பிலிருந்து

ஜனவரி 12, செவ்வாய்

வாஷிங்டனின் லஃபாயெட் பூங்காவை நெருங்கவே முடியவில்லை. போன ஜூனில் எழுப்பிய உயரமான கறுப்பு வேலி அப்படியே நிற்கிறது. நாடாளுமன்றமான கேபிடல் கட்டடத்துக்குள் கும்பல் புகுந்து ஆறு நாள்தான் ஆகிறது என்பதால் தெருவுக்குத் தெரு காவல். எச் தெருவில் நின்று வேலி வழியாகப் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

1991இல் இதே தேதியில் இந்தப் பூங்காவில், வெள்ளை மாளிகைக்கு நேர் எதிரே, ஃபுகாசி என்ற ராக் இசைக்குழு வளைகுடாப் போரை எதிர்த்து வாசித்தது. பாசிட்டிவ் ஃபோர்ஸ் என்ற வாஷிங்டன் இளைஞர் அமைப்பின் ஏற்பாடு. கடுங்குளிரில் திறந்த வெளி நிகழ்ச்சி. ஈராக் மீது படைபலத்தைப் பயன்படுத்த அமெரிக்கக் காங்கிரஸ் ஒப்புதல் கொடுத்ததும் அன்றுதான்: மேலவையில் 52க்கு 47, கீழவையில் 250க்கு 183. பூங்காவில் கிதார் ஒலிக்க, சற்றுத் தள்ளி கேபிடல் குன்றில் முடிவு எடுத்தாகிவிட்டது.

அந்த மாதமே குழு தன் இரண்டாவது ஆல்பத்தைப் பதிவு செய்யப் போனது. 'ஸ்டெடி டயட் ஆஃப் நத்திங்'. இந்த ஆண்டு அதற்கு முப்பது வயது. ஃபுகாசியின் ஆல்பங்களில் மிகக் குறைவாகக் கொண்டாடப்படுவது இதுதான். எனக்கு மிகவும் நெருக்கமானதும் இதுதான். ஏன் என்பதை இந்த ஆண்டு முழுவதும் அவ்வப்போது இங்கே எழுதிவைக்கப் போகிறேன்.

ஜனவரி 17, ஞாயிறு

குழுவை அறியாதவர்களுக்காக: கிதாரும் குரலும் இயன் மக்கேயும் கை பிச்சியோட்டோவும், பேஸ் கிதார் ஜோ லாலி, டிரம்ஸ் பிரெண்டன் கான்டி. மக்கே அதற்கு முன் மைனர் த்ரெட் குழுவில் பாடியவர். பிச்சியோட்டோவும் கான்டியும் ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங் குழுவிலிருந்து வந்தவர்கள். ஹார்ட்கோர் பங்க் இசையின் வேகத்தையும் கூச்சலையும் அறிந்த கைகள், அதை உடைத்து, இடைவெளி விட்டு, தாளத்தை வளைத்து வாசிக்கத் தொடங்கியதைத்தான் போஸ்ட்-ஹார்ட்கோர் என்கிறோம். மக்கேயும் ஜெஃப் நெல்சனும் 1980இல் தொடங்கிய டிஸ்கார்ட் நிறுவனம்தான் இவர்களின் எல்லா ஆல்பங்களையும் வெளியிட்டது. கச்சேரிக்கு ஐந்து டாலர் டிக்கெட், எந்த வயதினருக்கும் அனுமதி, பெயர் போட்ட சட்டை விற்பனை கிடையாது.

1991இல் குண்டுவீச்சு தொடங்கியபோது பாக்தாதில் ஜனவரி 17 அதிகாலை. வாஷிங்டனில் இன்னும் 16ஆம் தேதி மாலை. பிப்ரவரி 28இல் போர் ஓய்ந்தது. ஆல்பம் பதிவானது ஜனவரியிலும் பிப்ரவரியிலும். பாடல்கள் சில முன்பே மேடையேறியவை என்பது உண்மை. ஆனால் அவற்றுக்கு இறுதி வடிவம் கொடுத்த வாரங்களில் ஊரெங்கும் தொலைக்காட்சியில் பச்சை நிற இரவு வானமும், குறி தவறாத குண்டுகளின் படங்களும் ஓடிக்கொண்டிருந்தன. 'நைஸ் நியூ அவுட்ஃபிட்' நவீன ஆயுதத்தின் துல்லியத்தை எடுத்துப் பேசும் பாட்டு. அதைப் பிச்சியோட்டோ பாடும் விதத்தில் கோபத்தைவிட அருவருப்பே கூடுதலாகக் கேட்கிறது.

பிப்ரவரி 6, சனி

அலுவலகத்தில் என்னைவிடப் பத்து வயது மூத்த நண்பர் ஒருவர், நான் வசிக்கும், வாஷிங்டனை ஒட்டிய இதே ஆர்லிங்டனில் வளர்ந்தவர். இன்று தொலைபேசியில் ஆல்பத்தைப் பற்றிக் கேட்டேன். "வந்த அன்றே வாங்கினோம். வாங்கிவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்" என்றார். "முந்தைய ஆல்பம் எங்களைத் தூக்கி எறிந்தது. இது சுவரோடு ஒட்டி நின்றது."

முந்தைய ஆல்பம் என்று அவர் சொன்னது 'ரிப்பீட்டர்', 1990. அதற்கும் முன்னால் இரண்டு சிறு தட்டுகளைச் சேர்த்து '13 சாங்ஸ்' என்று வெளியிட்டிருந்தார்கள். 'ரிப்பீட்டர்' கேட்டவர்களுக்கு அடுத்ததன் மீது இருந்த எதிர்பார்ப்பைச் சொல்லி முடியாது. 'ஸ்டெடி டயட்' வெளிவருவதற்கு முன்பே ஒன்றரை லட்சம் பிரதிகளுக்கு மேல் கேட்டு ஆர்டர்கள் வந்துவிட்டன. பெரிய நிறுவனத்தின் விளம்பரமோ, வீடியோவோ இல்லாமல்! அத்தனை பேர் காத்திருக்க, வந்ததோ வறண்ட, இறுகிய, எதிரொலியே இல்லாத ஓர் ஆல்பம். நண்பரின் ஏமாற்றம் எனக்குப் புரிகிறது. ஆனால் சுவரோடு ஒட்டி நிற்பது என்று அவர் குறையாகச் சொன்னதைத்தான் நான் இந்த ஆல்பத்தின் பலம் என்பேன்.

மார்ச் 14, ஞாயிறு

இன்று இரண்டாவது பாட்டை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டேன். 'ரெக்லமேஷன்'. தொடக்கத்தில் கிதார் ஒன்று மேல் ஸ்தாயியில் கீச்சிட்டபடி நிற்கிறது; எச்சரிக்கை மணியை யாரோ அடித்துவிட்டு நிறுத்த மறந்ததுபோல. அதற்கு அடியில் லாலியின் பேஸ் நிதானமாக நடந்து வருகிறது. பிறகு டிரம்ஸ். வேறு எந்தக் குழுவாக இருந்தாலும் இந்த இடத்தில் ஒலியை அகலமாக்கிக் கேட்பவரை மூழ்கடித்திருக்கும். இவர்கள் அகலப்படுத்தவில்லை. ஒவ்வொரு கருவியும் தன் இடத்தை விட்டு நகராமல் அப்படியே நிற்கிறது. மக்கேயின் குரல்கூடப் பின்னணியில் கரையாமல் தனியாக, பக்கத்தில் நின்று பேசுவதுபோல் வருகிறது. ஒரு பெண்ணின் உடல் அவளுக்கே சொந்தம் என்பது பாட்டின் பொருள். அதை இப்படித் துணை ஏதுமின்றிச் சொல்வதில் ஒரு நேர்மை இருக்கிறது.

இந்த ஒலிக்குக் காரணம் நடைமுறை சார்ந்தது. 'ரிப்பீட்டர்' ஆல்பத்தின் தயாரிப்பாளர் டெட் நைஸ்லி அந்தச் சமயம் சமையற்கலைப் பக்கம் போய்விட்டார். எனவே குழுவினர் தாங்களே தயாரிப்பாளர்களாக உட்கார்ந்தார்கள். ஒலிப்பதிவாளர் டான் ஜியன்டாரா உடன் இருந்தார். அடுக்கடுக்கான சுற்றுப்பயணங்களின் களைப்பு வேறு. நால்வரும் சம உரிமையோடு முடிவெடுக்கும் குழு இது. அத்தகைய இடத்தில், ஒலிகளின் அளவைக் கூட்டிக் குறைத்துக் கலக்கும் மிக்ஸிங் மேசை முன் ஒருவர் கருவியை மற்றவர் அமுக்கத் தயங்குவார். எல்லாம் சம அளவில் நிற்கும். எதுவும் பாய்ந்து முன்னால் வராது. குழுவினரே பின்னாளில் இந்தப் பதிவில் தங்களுக்கு முழுத் திருப்தி இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் சொன்னதை மறுக்க எனக்குத் தகுதி கிடையாது. ஆனாலும் என் காதுக்கு, அந்த ஆண்டின் அந்த இரண்டு மாதங்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஒலி வாய்த்திருக்காது. எதிர்த்துக் கத்தி, கத்தியதற்குப் பலன் இல்லாமல் போர் தொடங்கிவிட்ட பிறகு, பல்லைக் கடித்துக்கொண்டு வேலையைத் தொடர்கிறவர்களின் ஒலி இது. அகலமும் பளபளப்பும் இங்கே பொய்யாகியிருக்கும்.

ஏப்ரல் 25, ஞாயிறு

மேடைப் பதிவுகளில் ஒரு வாரம் போனது. ஃபுகாசி தன் கச்சேரிகளைத் தொடர்ந்து கேசட்டில் பதிவு செய்து வைத்திருந்தது. 2011 முதல் அவற்றை நூற்றுக்கணக்கில் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள், பழைய டிக்கெட்டின் அதே ஐந்து டாலரை மாதிரி விலையாக வைத்து.

மேடையில் 'ரெக்லமேஷன்' வேறு ஜீவன். பிச்சியோட்டோ உடம்பையே எறிகிறார், கான்டி தன் டிரம்ஸ் பக்கத்தில் மாட்டியிருக்கும் பெரிய மணியை அடிக்கிறார், கூட்டம் சேர்ந்து பாடுகிறது. ஆல்பத்தைக் குறை சொல்பவர்கள் எல்லாரும் இந்தப் பதிவுகளைத்தான் சாட்சிக்கு அழைக்கிறார்கள். சாட்சி வலுவானதுதான். 'எக்சிட் ஒன்லி' பாட்டுக்கு ஆல்பத்தை விட மேடைதான் பொருத்தம் என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 'லாங் டிவிஷன்' அப்படியல்ல. இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடுதலான நேரத்தில், இரண்டு கிதார்கள் ஒன்றையொன்று இடிக்காமல் பின்னிப் போகின்றன. மக்கே குரலை உயர்த்தவே இல்லை. பிரிந்து போகும் மனிதர்களைப் பற்றிய பாட்டு. அரங்கத்தின் இரைச்சலில் அதன் நுட்பம் பாதி கலைந்துவிடுகிறது. அறைக்குள் வைத்துக் கேட்க வேண்டிய பாட்டு.

மே 10, திங்கள்

பூங்காவைத் திறந்துவிட்டார்கள்.

ஆகஸ்ட் 14, சனி

'ஸ்டெடி டயட்' பதிவான, ஜியன்டாராவின் இன்னர் இயர் ஒலிப்பதிவுக்கூடம் மூடப்படுகிறது. தெற்கு ஓக்லாண்ட் தெருவில் உள்ள கட்டடத்தை ஆர்லிங்டன் கவுண்டி நிர்வாகம் வாங்குகிறது. அந்தப் பகுதியைக் கலை வட்டாரமாக மாற்றுவது திட்டமாம். இலையுதிர் காலம் தொடங்கும்போது காலி செய்துவிட வேண்டும்.

சாயங்காலம் நடந்தே போய்ப் பார்த்தேன். பட்டறைகளுக்கும் கிடங்குகளுக்கும் நடுவே, கூர்ந்து பார்க்காவிட்டால் தாண்டிப் போய்விடக்கூடிய கட்டடம். ஜியன்டாரா முதலில் தன் வீட்டு நிலவறையில்தான் பதிவு செய்துகொண்டிருந்தார். மைனர் த்ரெட், பேட் பிரெயின்ஸ், ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங் எல்லாம் அவர் கையில் பதிவானவை. 1990 வாக்கில்தான் இந்த இடத்துக்கு வந்தார். கலை வட்டாரம் வர வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இங்கே முப்பது ஆண்டுகளாக நடந்துகொண்டிருந்தது என்னவாம்? குறைந்த கட்டணத்தில், பள்ளி மாணவர்கள் உருவாக்கிய குழுவுக்கும் பெயர் பெற்ற குழுவுக்கும் ஒரே மைக்கை வைத்து, ஒரு மனிதர் உட்கார்ந்து பதிவு செய்துகொண்டிருந்தாரே.

செப்டம்பர் 1, புதன்

டெக்சாஸில் ஆறு வாரத்துக்குப் பிந்தைய கருக்கலைப்பைத் தடுக்கும் சட்டம் இன்று நடைமுறைக்கு வந்துவிட்டது. நேற்று நள்ளிரவு வரை உச்ச நீதிமன்றம் தடுத்து நிறுத்தும் என்று காத்திருந்தவர்கள் பலர். நிறுத்தவில்லை.

'ரெக்லமேஷன்' பாட்டையும் பத்தாவது பாட்டான 'டியர் ஜஸ்டிஸ் லெட்டர்' பாட்டையும் இன்று சேர்த்துத்தான் கேட்க முடிந்தது. 'டியர் ஜஸ்டிஸ் லெட்டர்' நீதிபதி வில்லியம் பிரெனனை நோக்கியது. 1956 முதல் உச்ச நீதிமன்றத்தில் இருந்தவர். 1989இல் கொடியை எரிப்பதும் கருத்துரிமைதான் என்று தீர்ப்பெழுதியவர். 1990 ஜூலையில் உடல்நலக் குறைவால் ஓய்வு பெற்றார். ஒரு பங்க் குழு முதிய நீதிபதி ஒருவரின் ஓய்வை எண்ணிக் கலங்கிப் பாட்டெழுதியிருக்கிறது என்பது எனக்கு முதலில் வியப்பாக இருந்தது. வாஷிங்டனில் வளர்ந்தவர்களுக்கு நீதிமன்றம் என்பது பாடப்புத்தகத்தில் உள்ள பெயரல்ல, பஸ்ஸில் போகும்போது கண்ணில் படும் கட்டடம். அங்கே ஒரு நாற்காலி காலியானால் யாருடைய வாழ்க்கை மாறும் என்று அவர்கள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டார்கள். ஒரே ஆல்பத்தில் பெண்ணுக்குத் தன் உடல் மீதுள்ள உரிமையைப் பற்றி ஒரு பாட்டு, அந்த உரிமையைக் காத்த நாற்காலியைப் பற்றி ஒரு பாட்டு. 1991இல் இதை எத்தனை விமர்சகர்கள் சேர்த்துப் படித்தார்கள்?

செப்டம்பர் 24, வெள்ளி

இன்று எந்தப் பத்திரிகையைத் திறந்தாலும் நிர்வாணா என்ற ராக் குழுதான். அவர்களின் 'நெவர்மைண்ட்' ஆல்பத்துக்கு முப்பது ஆண்டு நிறைவு. அதற்கு அந்த மரியாதை தகும்தான், நானும் காலையில் ஒரு முறை கேட்டேன். ஆனால் 1991 கோடையில் வந்த 'ஸ்டெடி டயட்' பற்றி ஒரு வரிகூடக் காணவில்லை. அதன் விதியே அதுதான் போலும். அது வந்த சில வாரங்களில் உலகத்தின் காது வேறு பக்கம் திரும்பிவிட்டது. பெரிய நிறுவனங்கள் காசோலைப் புத்தகத்தோடு இத்தகைய குழுக்களைத் தேடி அலையத் தொடங்கின. ஃபுகாசி டிஸ்கார்டை விட்டு நகரவில்லை, டிக்கெட் விலையையும் ஏற்றவில்லை. அடுத்த ஆல்பத்துக்கு 1992இல் சிகாகோவில் ஒலிப்பதிவாளர் ஸ்டீவ் அல்பினியிடம் போய்ப் பதிவு செய்து, அது சரிவரவில்லை என்று ஒதுக்கிவிட்டு, நைஸ்லியை மறுபடி அழைத்து எல்லாவற்றையும் முதலிலிருந்து பதிவு செய்தார்கள். 1993இல் வந்த அந்த 'இன் ஆன் த கில் டேக்கர்' அமெரிக்க ஆல்பங்களின் விற்பனை வரிசையான பில்போர்டு 200 பட்டியலில் ஏறியது. இரண்டாவது ஆல்பத்தில் கற்ற பாடம் அங்கே பயன்பட்டிருக்கிறது என்றே நினைக்கிறேன்: தங்களுக்கு வெளியே ஒரு காது தேவை என்பதை அவர்கள் தெரிந்துகொண்டுவிட்டார்கள்.

அலுவலக நண்பரிடம் பேசினேன். நான் கேட்டுக்கொண்டதால் மறுபடி கேட்டுப் பார்த்தாராம். "அன்று இருபது வயது. என்னைத் தூக்கி எறிவதற்குத்தான் காசு கொடுத்தேன்" என்றார். "இப்போது கடைசிப் பாட்டு பிடிக்கிறது." கடைசிப் பாட்டு 'கே.ஒய்.இ.ஓ.', 'கீப் யுவர் ஐஸ் ஓப்பன்' (கண்களைத் திறந்து வை) என்பதன் சுருக்கம். அமுக்கி வாசித்த கிதாரோடு அடங்கிய குரலில் தொடங்கி, நடுவில் ஒரே அடியில் வெடிக்கிறது. முதலிலிருந்து ஒழுங்காகக் கேட்டு வந்தால்தான் அந்த வெடிப்பின் அளவு தெரியும். அதற்கு முன் உள்ள பத்துப் பாடல்களின் இறுக்கமும் சேர்ந்துதான் அங்கே உடைகிறது. மற்ற பாடல்களைப் பற்றி அவர் இன்னும் இறங்கி வரவில்லை.

இதுவரை கேட்காதவர்கள் முதல் பக்கத்தில் தொடங்க வேண்டாம். தட்டைத் திருப்பி 'லாங் டிவிஷன்' தொடங்கி 'கே.ஒய்.இ.ஓ.' வரை ஐந்து பாடல்களை முதலில் கேளுங்கள். ஹெட்போன் வேண்டாம், ஸ்பீக்கரில். மறுநாள் 'ரெக்லமேஷன்'.