பொதுச்சுவர் வைத்து இரண்டு வீடு: பிளானில் நாங்கள் பட்ட பாடு

சேலம் கன்னங்குறிச்சியில் அப்பா விட்டுப்போன 5 சென்ட்டில் அண்ணனும் நானும் நடுவில் ஒரு பொதுச்சுவர் வைத்து ஆளுக்கொரு வீடு கட்டுகிறோம். பேஸ்மட்டம் இப்போதுதான் முடிந்திருக்கிறது. இதுவரை பட்ட அலைச்சலில் முக்கால்வாசி பிளானால் வந்ததுதான். இப்படி ஒட்டிக் கட்ட நினைப்பவர்களுக்கு முதலில் ஒன்று சொல்கிறேன்: ஒரு வீட்டை வரைந்து, அதையே திருப்பிப் போட்டு இன்னொரு வீடு என்று நீட்டினால் வாங்காதீர்கள்.

எங்களுக்கு அதுதான் நடந்தது. மனை கிழக்குப் பார்த்தது, 44 அடிக்கு 49½ அடி. ஆளுக்கு 22 அடி அகலம். தெற்குப் பாதி அண்ணனுக்கு, வடக்கு எனக்கு. அண்ணன் வீட்டை இன்ஜினியர் நன்றாகவே போட்டிருந்தார். வாஸ்துப்படி தென்கிழக்கு அக்னி மூலையில் சமையலறை, தெற்கு வெளிச்சுவரில் பாத்ரூம், தென்மேற்குக் கன்னி மூலையில் படுக்கையறை. அதைக் கம்ப்யூட்டரில் திருப்பியதும் என் சமையலறை வடகிழக்கு மூலைக்கு, அதாவது ஈசானியத்துக்குப் போய்விட்டது. அம்மா பேப்பரைப் பார்த்ததுமே, "ஈசானியத்துல அடுப்ப வெச்சுட்டு நான் எப்படிடா சமைப்பேன்?" என்று கேட்டார்.

மாற்றச் சொன்னோம். இன்ஜினியர் இழுத்தடித்துவிட்டு, இந்த முறை திருப்பாமல் அண்ணன் வீட்டையே நகல் எடுத்துக் கொடுத்தார். சமையலறை சரியாகிவிட்டது. ஆனால் பாத்ரூம் பொதுச்சுவரில் வந்து ஒட்டிக்கொண்டது. சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணன் வீட்டு ஹால். வென்டிலேட்டர் எங்கே வைப்பது? "எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டுக்கலாம் சார்" என்றார். அந்தக் காற்று யார் வீட்டுக்குள் போகும் என்று கேட்டேன், பதில் இல்லை. முன்பணம் வாங்கியவர் சொல்கிற பேச்சா இது?

வழி காட்டியவர் எங்கள் மேஸ்திரி. "வாயு மூலையிலும் அடுப்பு வைக்கலாமே தம்பி" என்றார். அம்மாவும் சம்மதித்தார். அப்புறம் எல்லாம் தானாக அமைந்தது. வடமேற்கில் சமையலறை, வடக்கு வெளிச்சுவரில் பாத்ரூம், முன்னால் ஹால். ஜன்னல் தேவைப்படாததை மட்டும் பொதுச்சுவர் பக்கம் தள்ளினோம்: மாடிப்படி, பூஜை அலமாரி, பீரோ. என் படுக்கையறைக்கு மேற்கில் மட்டும்தான் ஜன்னல். சேலத்துச் சித்திரை வெயிலுக்கு அங்கே சன்ஷேடை இரண்டு அடி நீட்டச் சொல்லியிருக்கிறோம்.

அடுத்தது அளவு. வடக்கே மூன்றரை அடி விட்டதுபோக, பொதுச்சுவரின் நடுக்கோடு வரை எனக்கு 18½ அடி. பிளானில் படுக்கையறை 11, சமையலறை 7½ என்று போட்டிருந்தது. கூட்டிப் பாருங்கள், அதுவும் 18½. அப்படியானால் சுவர் எங்கே? வெளிச்சுவர் 9 அங்குலம், நடுச்சுவர் நாலரை, பொதுச்சுவரில் என் பாதி நாலரை, ஆக ஒன்றரை அடி சுவருக்கே போய்விடும். உள்ளே நிற்க மிஞ்சுவது 17 அடிதான். ஏழடிக்கும் குறைவான சமையலறையில் இரண்டு பக்கமும் இரண்டடி மேடை போட்டால் நடுவில் மூன்றடிகூட இல்லை, ஃபிரிட்ஜ் கதவைத் திறந்தால் ஆள் நகர முடியாது. மேடையை எல் வடிவத்துக்கு மாற்றினோம். மேஸ்திரி மனையிலேயே சுண்ணாம்புக்கோடு போட்டுக் காட்டினார். அம்மா கோட்டுக்குள் நின்று அடுப்புக்கும் சிங்க்குக்கும் நடந்து பார்த்த பிறகுதான் சரி என்றார். பிளானை ஒப்புக்கொள்வதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். எழுதியிருப்பது சுவருக்குள் அளவா, சுவரோடு சேர்த்தா என்றும் கேளுங்கள்.

படியையும் எண்ணுங்கள். எங்களுக்குத் தளத்துக்குத் தளம் 10½ அடி. பிளானில் 14 படி இருந்தது. ஒரு படி 9 அங்குல உயரம், முட்டிவலிக்காரர் ஏற முடியாது. போராடி 18 ஆக்கினோம், இப்போது ஏழு அங்குலம்.

அனுமதி தனிக்கதை. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீட்டுக்கு 2024 முதல் சுயசான்று முறை (நாமே உறுதி கொடுத்து ஆன்லைனில் அனுமதி வாங்குவது) இருக்கிறது, சீக்கிரம் முடிந்துவிடும் என்று நம்பிப் போனோம். கூட்டுப் பட்டா செல்லாது, ஆளுக்குத் தனிப் பட்டா வேண்டும் என்றார் அலுவலகத்தில் இருந்தவர். மனையை இரண்டாகப் பிரித்துத் தனி எண் தரும் உட்பிரிவுக்கு எழுதிக்கொடுத்து, சர்வேயர் வந்து அளந்து, பட்டாவோடு போனால், புது எஃப்எம்பி (நில அளவை வரைபடம்) நகல் எங்கே என்கிறார். அதை முதல் நாளே ஒரே மூச்சில் சொல்லியிருந்தால் அரை நாள் லீவு மிஞ்சியிருக்கும். ஒட்டி வீடு கட்டுபவர்கள் உட்பிரிவை முடித்துவிட்டுப் பிளானுக்குப் போவதே நல்லது.

பொதுச்சுவர் இருவருக்கும் பொது, இடிக்கவோ துளைக்கவோ மற்றவரைக் கேட்க வேண்டும் என்று பாகப்பிரிவினைப் பத்திரத்திலேயே எழுதிவிட்டோம். அண்ணிதான் வற்புறுத்தினார், நல்லதாகப் போயிற்று. ஸ்விட்ச் பெட்டிகள் சுவரின் இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் வந்தால் நடுவில் செங்கல்லே மிஞ்சாது, இந்த வீட்டுப் பேச்சு அந்த வீட்டில் கேட்கும். இரண்டையும் ஓரடியாவது தள்ளி வைக்கும்படி எலக்ட்ரீசியனிடம் இப்போதே சொல்லியாகிவிட்டது.