காசில் தெரிவது மேடா, பள்ளமா?

பினாங்கு லோரோங் கூலிட் சந்தையில் பழைய சென் காசுகள் குவியலாகக் கிடக்கும். 1967 முதல் 1988 வரை வந்த, நாடாளுமன்றக் கட்டடம் பொறித்த 20 சென், 50 சென் காசுகளில் ஒரு பிடி வாங்கினால், காசின் குறைகளைப் பார்த்துப் பழகப் போதும். வெள்ளி டாலரில் பணம் போடுவதற்கு முன் கண் இதில் தேறட்டும்.

தேவை: பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லூப் என்ற சிறு உருப்பெருக்கி, ஒற்றை பல்பு மேசை விளக்கு, கீழே விரிக்க மெத்தென்ற துணி. டியூப் லைட்டை அணைத்துவிடுங்கள். அந்தப் பரந்த வெளிச்சத்தில் மயிரிழைக் கீறல் தெரியாது. காசை விளிம்பில் பிடித்து, விளக்குக்குச் சாய்த்து மெதுவாகச் சுழற்றினால், புழங்காத காசில் ஒளி ஆரக்கால் போலச் சுற்றி ஓடும். அச்சடிக்கும்போது உலோகம் வெளிப்பக்கமாக நகர்ந்த தடம் அது. ஓட்டம் ஓரிடத்தில் அறுந்தால் அங்கே உராய்வு. காசு முழுக்கப் பளபளத்தும் ஓட்டமே இல்லையென்றால் பெரும்பாலும் யாரோ பாலிஷ் போட்டிருக்கிறார்கள்.

குறை ஒன்று கண்ணில் பட்டால், அது மேடா பள்ளமா என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். லூப்பில் இது ஏமாற்றும். பக்கத்து எழுத்தின் நிழலைப் பாருங்கள்: எழுத்து மேடு. குறையின் நிழலும் அதே பக்கம் விழுந்தால் அதுவும் மேடு. எதிர்ப்பக்கம் என்றால் பள்ளம்.

மேடு பெரும்பாலும் காசை அடிக்கும் அச்சின் வேலை. அச்சில் விரிசல் விட்டால் உலோகம் அதில் புகுந்து, எழுத்துக்கும் விளிம்புக்கும் நடுவே கோடாக நிற்கும். சேகரிப்பவர்களுக்கு இது குறையே அல்ல, சிலர் தேடியே வாங்குவார்கள். பள்ளம் பெரும்பாலும் பின்னால் பட்ட அடி. ஓரத்தில் உலோகம் பிதுங்கியிருக்கும். பிதுங்கல் இல்லாத பள்ளம் என்றால், காசு அடிக்கும்போது அச்சுக்கும் உலோகத்துக்கும் நடுவில் நூலோ பிசுக்கோ சிக்கியிருக்கலாம்.

மேட்டிலும் ஒரு விதிவிலக்கு உண்டு. மேலே சொன்ன 1967-1988 தொடரின் பிந்தைய 1 சென் காசுகளுக்கு உள்ளே எஃகு, மேலே செம்பு, காந்தத்தில் ஒட்டும். நம் ஊர் ஈரத்தில் எஃகு துருப்பிடித்து, செம்பைக் கொப்புளமாகத் தூக்கிவிடும். அதை அமுக்கக் கூடாது, செம்பு உரிந்துவிடும்.

காசில் படியும் பச்சையிலும் இரண்டு வகை. கெட்டியாக, பொடிப்பொடியாக இருப்பது களிம்பு. உலோகத்தையே அரித்திருக்கும், எடுத்தாலும் குழி நிற்கும். பிசுபிசுவென்று படர்ந்திருப்பது காசு போட்டு வைக்கும் பிவிசி பிளாஸ்டிக் உறையிலிருந்து கசிந்தது. இதற்குச் சுத்தமான அசிட்டோன் போதும். நகப்பூச்சு நீக்கி வேண்டாம், அதில் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும். கண்ணாடிக் கிண்ணத்தில், சன்னலைத் திறந்து, அடுப்புக்கு எட்டத்தில் வைத்துச் சில நிமிடம் ஊறவிட்டு, புதிய அசிட்டோனில் ஒரு முறை அலசித் துணிமேல் வையுங்கள். தானே உலர்ந்துவிடும். துடைத்தால், அதுவரை இல்லாத கீறல் விழும்.